பரீட்சையைப் பார்க்காதீர்கள், பள்ளி யாருடையது என்று பாருங்கள்

டென்மார்க் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அங்கே பரீட்சையே கிடையாதாமே?" சக ஆசிரியர்கள் ஏக்கத்தோடு கேட்கிறார்கள், பெற்றோர்கள் பயத்தோடு கேட்கிறார்கள். பாதிதான் உண்மை. ஏழாம் வகுப்பு வரை மதிப்பெண் போடுவதில்லை. எட்டிலிருந்து உண்டு, ஒன்பதின் முடிவில் பொதுத்தேர்வும் உண்டு. அந்த மதிப்பெண்ணே ஒரு தினுசு: கழித்தல் 3-இல் ஆரம்பித்து 12-இல் முடியும், மொத்தம் ஏழே படிகள். நூற்றுக்கு நூறு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கல்விச் சுற்றுலா போகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்தியாகக் கொண்டு வருகிறார்கள். பரீட்சை இல்லை, ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பிள்ளைகள் மழையில் விளையாடுகிறார்கள். எல்லாம் சரிதான், ஆனால் எனக்கு இவை மேல்தோலாகவே பட்டன. அங்கே வேறாக இருப்பது, பள்ளி யாருடையது என்பதற்கு அந்த மக்கள் வைத்திருக்கும் பதில்.

டென்மார்க்கின் பெரிய தீபகற்பமான ஜட்லாந்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்துப் பள்ளிக்கு எங்களை அழைத்துப் போனார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று நகராட்சி அந்தப் பள்ளியை மூடிவிட்டது. ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, அதே கட்டடத்தில் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கிவிட்டார்கள். இப்படிப் பெற்றோர் சேர்ந்து நடத்தும் பள்ளிக்கு 'ஃப்ரீஸ்கோல' என்று பெயர். அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கை அரசே தருகிறது, மீதிக்குப் பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள். 'பணம் கொடுக்கிறோம், அதனால் நாங்கள் சொல்வதைத்தான் கற்பிக்க வேண்டும்' என்று அரசு உட்கார்ந்துகொள்வதில்லை. அரசுப் பள்ளியின் தரத்துக்கு ஈடாக இருக்க வேண்டும், மேற்பார்வைக்கு ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே நுழைந்ததும் நீளமான நடைவழி. பிள்ளைக்கு ஒரு கொக்கி, கொக்கிக்கு மேல் பெயர், கீழே சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ். ஈர உடைகளைக் காயவைக்க ஓர் இரும்பு அலமாரி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு பட்டியல்: எந்தக் குடும்பம் எந்த வார இறுதியில் ஜன்னலுக்கு வண்ணம் அடிக்கும், யார் கழிப்பறையைக் கழுவுவார்கள் என்று. எங்களை வரவேற்ற நிர்வாகக் குழுத் தலைவர் ஒரு மாட்டுப்பண்ணைக்காரர். பேச்சுக்கு நடுவிலேயே அவரும் தலைமையாசிரியரும் ஒழுகும் கூரைத் தகடு ஒன்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். விருந்தாளி இருக்கிறார்களே என்ற கூச்சமே இல்லை. எனக்கு அந்தப் பயணத்திலேயே பிடித்த காட்சி அதுதான்.

இது நேற்று முளைத்த புதுமை இல்லை. 1814-லேயே அங்கே கல்வி கட்டாயமாகிவிட்டது. கட்டாயம் கல்விக்குத்தான், பள்ளிக்கூடத்துக்கு இல்லை. ஈடான கல்வியைத் தாங்களே கொடுக்கும் பெற்றோர், பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்பதில்லை என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1844-இல், குருண்ட்விக் என்ற பாதிரியாரின் சிந்தனையை ஒட்டி, ரோடிங் என்ற ஊரில் விவசாயி வீட்டு இளைஞர்களுக்காக முதல் நாட்டுப்புற உயர்பள்ளி தொடங்கியது. பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது. வந்து தங்கிப் படித்துவிட்டு வயலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அப்படிப் படித்து என்ன ஆகப்போகிறது என்றுதானே கேட்பீர்கள்? அதற்குப் பதில் அந்த ஊர்க் காற்றில் இருக்கிறது. வட கடல் கரையில் நின்று பார்த்தால்தான் தெரியும். குடை ஒரு நிமிடம்கூடத் தாங்காது. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது, மணல் கன்னத்தில் ஊசியாகக் குத்தும். மரங்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்தே வளர்ந்திருக்கின்றன. இந்தக் காற்றை வைத்து 1891-இல் மின்சாரம் எடுத்துப் பார்த்தவர் போல் லா கூர். அஸ்கோவ் ஊரின் நாட்டுப்புற உயர்பள்ளியில் அவர் வாத்தியார்! கிராமத்துப் பையன்களுக்கு மின்வேலையும் அங்கேயே கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்த யோஹானஸ் யூல் 1957-இல் கெட்சரில் அமைத்த 200 கிலோவாட் காற்றாலைதான், பின்னால் வந்த டேனிஷ் காற்றாலைகளுக்கு முன்மாதிரி.

அப்புறம் ட்விண்ட். மேற்குக் கரையில் உல்ஃப்போர்க் பக்கம் இருக்கும் பள்ளி வளாகம். 1975-இல் அங்கிருந்த ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் தாங்களே ஒரு காற்றாலை கட்ட இறங்கினார்கள். 2 மெகாவாட், கோபுரமே ஐம்பது மீட்டருக்கு மேல். 1978-இல் ஓட ஆரம்பித்தபோது உலகிலேயே பெரிய காற்றாலை அதுதான். அந்தப் பள்ளியை நடத்திய இயக்கத்தின் தலைமை பிற்பாடு பண விவகார வழக்குகளில் மாட்டிக்கொண்டது வேறு கதை. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

வடக்கே ரூபியெர்க் க்னூட என்ற இடத்தில் ஒரு கலங்கரை விளக்கம். 1900-இல் ஏற்றியது, 1968-இல் அணைத்தார்கள். பக்கத்துக் கட்டடங்களை மணல் மூடியது, கடல் வேறு கரையை அரித்துக்கொண்டே வந்தது. 2019 அக்டோபரில், 700 டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தக் கோபுரத்தை அப்படியே தண்டவாளத்தில் ஏற்றி 70 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் உள்ளூர்க் கொத்தனார் ஒருவர். பண்ணைக்காரரை நம்பிப் பள்ளியைக் கொடுக்கும் ஊரில் கொத்தனாரை நம்பிக் கலங்கரை விளக்கத்தைக் கொடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

இதற்காக டென்மார்க்கைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. மொத்த மக்கள்தொகையே 60 லட்சம்தான், வரியும் கழுத்தை நெரிக்கும். 2013-இல் வேலைநேரத் தகராறில் நகராட்சிகள் ஆசிரியர்களைப் பள்ளிக்குள் விடாமல் வாரக்கணக்கில் கதவடைப்பு செய்தன. அந்தக் கசப்பு அங்குள்ள ஆசிரியர்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வெளியே படிக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் தனியே ஒதுங்குவதற்கும் இந்தச் சுதந்திரம் வழிவிடுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பொதுப்பள்ளிதான் பெரிது என்று நினைப்பவன் நான்.

ஆனால் அவர்களுடைய அரசுப் பள்ளியிலும் நிர்வாகக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. நம்மிடமும் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பேர் பெற்றோர். காகிதத்தில் நாம் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. நான் பார்த்த கூட்டங்களில் பெரும்பாலும் தீர்மானம் முன்பே எழுதியிருக்கும். அம்மாக்கள் வேலைக்கு நேரமாகிறது என்று நின்றுகொண்டே கையெழுத்துப் போடுவார்கள். டீ, பிஸ்கட், முடிந்தது. வெளிநாடு போய்வந்து பரீட்சையை ஒழிப்பது பற்றி ஆயிரம் பதிவு போடுகிறோம். இந்தக் கூட்டத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, இதைச் சரிசெய்ய விமானமும் வேண்டாம், விசாவும் வேண்டாம்.

இந்த வருடப் பராமரிப்புப் பணத்தில் எதை முதலில் செய்வது என்பதைப் பெற்றோரே பேசி முடிவு செய்யட்டும், நாம் கடைசியாகப் பேசுவோம் என்று எங்கள் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். "சண்டை வருமே சார்" என்றார். வரட்டுமே.