செருப்பு கழன்றதே தெரியவில்லை

இடுப்பு மூட்டு மாற்றினால் வலி போய்விடும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான், அம்மாவுக்கு மூட்டு வலி போய்விட்டது. ஆனால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமும் பாதத்தின் மேற்புறமும் மரத்துப்போய், ராத்திரியானால் மின்சாரம் பாய்வது போல் சுரீர் என்று இழுத்தது. அதைப் பற்றியும் இரண்டு வரி சொல்லியிருக்கலாம். வாசலில் செருப்பு கழன்றது தெரியாமல், வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை ஒற்றைச் செருப்போடு போய்விட்டார். முன்பாதத்தைத் தூக்கவே வரவில்லை.

இடுப்புக்குப் பின்னால் ஓடும் சயாட்டிக் நரம்பு அறுவையின்போது இழுபட்டிருக்கிறது என்றார் மருத்துவர். அடிபட்ட நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளருமாம். இடுப்பிலிருந்து பாதத்துக்கு எவ்வளவு தூரம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை, நரம்பு வலிக்கான பிரீகாபலின் மாத்திரை, தினமும் பிசியோ. மாத்திரை போட்ட முதல் வாரம் தலை சுற்றியது. அதற்காக நாமாக நிறுத்திவிடக் கூடாது. வெந்நீர்ப் பை மட்டும் வேண்டவே வேண்டாம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளித்துவிடும். போர்வை உரசினாலே துடிப்பார் என்பதால் கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து அதன்மேல் போர்வையைப் போட்டோம்.

14-ஆவது மாதம் கால் கட்டைவிரல் லேசாக அசைந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லோருமே அழுதுவிட்டோம்.