பதினோராவது பத்தி

(செங்கோட்டையில் ஒரு காய்கறிக் கமிஷன் கடை. மறுநாள் உத்திராடம், திருவோணத்துக்கு முந்தைய நாள். கொல்லத்துக்குப் போகும் ஓணச் சரக்கு லாரியில் ஏறிவிட்டது. தார்ப்பாய் கட்டுவதுதான் பாக்கி. கணக்குப்பிள்ளை நுணுக்கமான மனிதர். மிளகாய் மூட்டையில் எத்தனை காம்பு உதிர்ந்தது என்று கேட்டாலும் நோட்டைப் பார்க்காமல் சொல்வார்.)

டிரைவர்: அண்ணாச்சி, நேற்று வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பியது செய்தியா, கிரயப் பத்திரமா?

கணக்குப்பிள்ளை: எல்லாம் வேண்டிய விவரம்தான், தம்பி.

டிரைவர்: புளியரையில் டீக்கு நிறுத்தியபோது படிக்கத் தொடங்கினேன். டீ ஆறியது, வடை தீர்ந்தது, நீங்கள் இன்னும் கழுதுருட்டியைத் தாண்டவில்லை.

கணக்குப்பிள்ளை: அங்கே பதிமூன்று கண் ரயில் பாலத்தைப் பார்க்க வண்டிகளை ஓரம் கட்டுவார்கள். எச்சரிக்க வேண்டாமா?

டிரைவர்: எச்சரித்தீர்கள், சரி. 1904இல் அந்த வழியில் ரயில் ஓடியதையும், 2018இல் அகலப்பாதை வேலை முடிந்ததையும் எதற்கு எழுதினீர்கள்? நான் ஓட்டுவது லாரி.

கணக்குப்பிள்ளை: பின்னணி தெரிந்தால் கவனம் வருமே என்று...

டிரைவர்: தூக்கம்தான் வந்தது. "புனலூர்க் கடை மத்தியானமே அடைத்துவிடும், சரக்கைக் கொட்டாரக்கரையில் இறக்கு" என்பது பதினோராவது பத்தி. அதைப் படிக்கும்போது நான் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நிற்கிறேன்!

கணக்குப்பிள்ளை: கொட்டாரக்கரைக் கடைக்காரருக்கும் அதையே அனுப்பினேன். உடனே "சரி" என்று பதில் போட்டாரே?

டிரைவர்: அவர் படிக்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை: பிறகு எதற்குச் "சரி"?

டிரைவர்: பதில் போடாவிட்டால் விளக்கம் போதவில்லை என்று நினைத்து இன்னொன்று அனுப்புவீர்கள். அந்தப் பயம்தான்.

(கணக்குப்பிள்ளையின் முகம் வாடுகிறது. டிரைவர் அவரை லாரியின் பின்பக்கம் அழைத்துப் போகிறார்.)

டிரைவர்: இன்றைக்குப் புனலூர் மூட்டைகளை எங்கே வைக்கச் சொன்னீர்கள்?

கணக்குப்பிள்ளை: பின்கதவை ஒட்டி. முதலில் இறங்குவது அதுதானே?

டிரைவர்: கொல்லத்துச் சரக்கு?

கணக்குப்பிள்ளை: உள்ளே, கேபினை ஒட்டி. இது லோடுமேனுக்கே தெரியும்.

டிரைவர்: லாரியில் இவ்வளவு சரியாக அடுக்குகிறவர், செய்தியில் மட்டும் புனலூரைக் கேபினுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது ஏன்?

(கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். துடைத்ததையே மறுபடி துடைக்கிறார். பிறகு போனை எடுக்கிறார்.)

கணக்குப்பிள்ளை: எழுதுகிறேன், பார். "அன்புள்ள தம்பிக்கு, நலம். நேற்று மலையில் மழை..."

டிரைவர்: மழையைக் கீழே இறக்குங்கள்.

கணக்குப்பிள்ளை: சரி. "புனலூர்."

டிரைவர்: புனலூருக்கு என்ன?

கணக்குப்பிள்ளை: நீதானே சுருக்கச் சொன்னாய்!

டிரைவர்: அண்ணாச்சி, எதை, எங்கே, எப்போது. இந்த மூன்றையும் வாசலில் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை: "சேனை 12 மூட்டை, புனலூரில், காலை 6 மணிக்குள் இறக்கு."

டிரைவர்: ஆகா! இதற்கு ஒரு டீ வாங்கித் தரலாம்.

கணக்குப்பிள்ளை: மற்ற விவரமெல்லாம்?

டிரைவர்: அதற்குக் கீழே எழுதுங்கள். யார் வேண்டாம் என்றது? வேண்டியபோது படிப்பேன்.

கணக்குப்பிள்ளை: நிச்சயமாகப் படிப்பாயா?

டிரைவர்: சத்தியமாக.

கணக்குப்பிள்ளை: இன்று காலை அனுப்பியதைப் படித்தாயா?

டிரைவர்: ...முதல் பத்தி வரை.

கணக்குப்பிள்ளை: முருங்கைக் கட்டின் மேல் எதையும் அடுக்கக் கூடாது என்று நான்காவது பத்தியில் எழுதியிருந்தேன். இப்போது மேலே என்ன இருக்கிறது?

டிரைவர்: தடியங்காய், அதுதான் வெள்ளைப் பூசணி.

கணக்குப்பிள்ளை: ஐயோ! எத்தனை மூட்டை? எப்போது ஏற்றினீர்கள்? முருங்கை எந்த நிலையில் இருக்கிறது?

டிரைவர்: சுருக்கமாகச் சொல்கிறேன், அண்ணாச்சி. அவியலுக்கு முருங்கை நறுக்குகிற வேலை கொல்லத்துக்காரர்களுக்கு மிச்சம்.