தாராவியில் ஓடும் சீரியல் யார் கணக்கில்?

வியாழக்கிழமை வந்துவிட்டால் போதும், எதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும் டிஆர்பி ரேட்டிங் சண்டை தொடங்கிவிடும். எந்த சீரியல் முதலிடம், எது சறுக்கியது, எந்த ஹீரோயினை மாற்றியதால் ரேட்டிங் போனது என்று மும்பைத் தமிழர் குழுக்களில்கூட ராத்திரி வரைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். செம்பூர் ஒரு கட்சி, முலுண்ட் ஒரு கட்சி. ஆனால் இவர்கள் யாரும் பார்த்தது அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ் சேனல்களுக்கு வாராவாரம் வெளியாகும் பட்டியல் தமிழ்நாடு, புதுச்சேரி சந்தைக்கானது. தாராவியில் ஒரு தமிழ் வீட்டில் ரேட்டிங் எடுக்கும் மீட்டர் இருந்தாலும் அது மகாராஷ்டிரா, கோவா கணக்கில்தான் போய்ச் சேரும்.

ரேட்டிங் எடுக்கும் ‘பார்க்’ (BARC) அமைப்பின் தலைமையகம் இருப்பது நம் மும்பையில்தான் என்பது கூடுதல் வேடிக்கை. நாட்டில் டிவி உள்ள வீடுகள் சுமார் 23 கோடி. மீட்டர் இருப்பது சுமார் 58,000 வீடுகளில். அதாவது ஒரு வீட்டின் ரிமோட் கிட்டத்தட்ட 4,000 வீடுகளுக்காகப் பேசுகிறது. சேனலின் ஒலியோடு காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்புவார்கள், மீட்டர் அதைப் பிடித்து எந்த சேனல் என்று பதிந்துகொள்ளும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன். யார் உட்கார்ந்து பார்க்கிறார்களோ அவர்கள் அழுத்த வேண்டும்.

58,000 குறைவு என்பது பொதுவான புகார். மத்திய அரசும் அதையே பிடித்துக்கொண்டு, 2025 நவம்பரில் வெளியிட்ட வரைவு விதிகளில், 18 மாதத்துக்குள் 80,000 வீடுகள், பிறகு 1,20,000 வரை போக வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் எண்ணிக்கை மட்டும்தான் கோளாறு என்று நான் நினைக்கவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எல்லா அரிசியும் ஒரே பானையில் வெந்தால்தான் சரி. இங்கே மொழிக்கொரு பானை, ஊருக்கொரு அடுப்பு. மொத்தமாகப் பார்த்தால் போதுமான எண்ணிக்கையே, மொழியாகவும் ஊராகவும் நறுக்க நறுக்க விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்து நிற்கும். ஆங்கிலச் செய்தி சேனல் மாதிரி குறைவான பேர் பார்க்கும் இடத்தில் சில வீடுகள் மாறினாலே வரிசை மாறிவிடும்.

2020 அக்டோபரில் மும்பை போலீஸ் கமிஷனர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் சொன்ன விவகாரம் நினைவிருக்கும். மீட்டர் உள்ள வீடுகளுக்கு மாதம் சில நூறு ரூபாய் கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓடவிடச் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. செய்தி சேனல்களின் ரேட்டிங்கே நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. வழக்கு? மாநில அரசே திரும்பப் பெற முன்வந்து, 2024-ல் கோர்ட்டும் சரி என்றுவிட்டது. உண்மையா பொய்யா என்று கடைசி வரை விசாரணையில் தெரியாமலே போனது.

‘பார்க்’ அமைப்பில் 60 சதவீதப் பங்கு ஒளிபரப்பாளர்கள் சங்கத்துக்கு. மீதி விளம்பரதாரர்களுக்கும் விளம்பர ஏஜென்சிகளுக்கும். பார்க்கிறவனுக்கு அந்த மேஜையில் நாற்காலியே கிடையாது.

இனி என் புகாருக்கு வருகிறேன். காசு விஷயத்தில் மட்டும் நம்மைத் துல்லியமாக எண்ணுகிறார்கள். 2019-ல் சேனலைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் முறை வந்ததிலிருந்து, எந்த செட்டாப் பாக்ஸுக்கு எந்தத் தமிழ் சேனலின் சந்தா இருக்கிறது என்பது கேபிள் கம்பெனிக்குத் தெரியும். எத்தனை சந்தாதாரர் என்ற கணக்கு மாதாமாதம் சேனல்காரர்களுக்கும் போகிறது. சயான் கோலிவாடாவிலும் மாட்டுங்காவிலும் எத்தனை வீடுகள் தமிழ் பேக் வாங்குகின்றன என்பது பில்லில் இருக்கிறது, ரேட்டிங் பட்டியலில் இல்லை.

இதன் விளைவை விளம்பர இடைவேளையில் பார்க்கலாம். ஆடி மாதம் முழுக்க தி.நகர் ஜவுளிக்கடைத் தள்ளுபடிதான். டோம்பிவிலியில் இருப்பவர் அதைக் கேட்டு என்ன செய்வார்? லோக்மான்ய திலக் டெர்மினஸில் ரயில் ஏறிப் போய்ப் புடவை எடுக்கவா? இங்கே தமிழர்கள் வாங்கும் அரிசி, அப்பளம், காபித்தூள், வீட்டுக் கடன் என்று ஒரு சந்தையே இருக்கிறது. அதைக் காட்ட எண்ணில்லை என்பதால் யாரும் அதற்காக ஒரு பத்து விநாடியும் வாங்குவதில்லை. செய்தியிலும் அதேதான். தாராவி மறுசீரமைப்பு எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் வீட்டுப் பிரச்சினை. நெல்லையிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் உண்டு. தமிழ்ச் செய்தி சேனல்களில் அதற்குக் கிடைக்கும் நேரத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். எடிட்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, இங்கிருந்து அவர்களுக்கு ஒரு புள்ளியும் போவதில்லை.

அரசின் அந்த வரைவு விதிகளில் இன்னொரு நல்ல விஷயம், டிவியைப் போட்டதும் தானாக வந்து நிற்கும் சேனலின் பார்வையை இனி கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது. அதை எப்போதோ செய்திருக்க வேண்டும்.

மீட்டர் வீடு எது என்பது ரகசியமாகவே இருக்கட்டும், அதை யாரும் கேட்கவில்லை. புதிதாக வைக்கப்போகும் மீட்டர்களில் எத்தனை எந்த மொழி பேசும் வீட்டுக்கு, எந்த நகரத்துக்கு என்று சொல்லிவிடலாம். தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழ் சேனல் பார்ப்பவர்கள் என்று ஒரு வரி சேர்க்கலாம். வாராவாரம் வேண்டாம், சாம்பிள் சின்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். மும்பை, பெங்களூரு, டெல்லி மூன்றையும் சேர்த்து மூன்று மாதத்துக்கு ஒரு சராசரி போட்டாலே போதும்.