மருந்தடிக்கும் முன் தரையைப் பாருங்கள்

சாலையோர மரம் ஒன்று வாட ஆரம்பித்தால் உடனே இரண்டு பேச்சு வரும். மருந்தடிக்கலாம், இல்லையா வெட்டிவிடலாம். இரண்டையும் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அந்த மரத்தின் கிளையை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். மிளகைப் பிளந்து கவிழ்த்து ஒட்டியது போலப் பழுப்புப் புடைப்புகள் இருக்கலாம். பட்டையின் முண்டு என்றுதான் முதலில் தோன்றும். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும். செதில் பூச்சி! ஊசி போன்ற வாயைக் கிளைக்குள் செருகி, இருந்த இடத்திலேயே சாற்றை உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். மரத்தடியில் நிறுத்திய வண்டி பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அது இந்தப் பூச்சி கழிக்கும் இனிப்பு நீராக இருக்கலாம். அதன்மேல் கரும்பூசணம் படர்ந்துதான் இலை கறுக்கிறது.

சரி, பூச்சி ஏன் இவ்வளவு பெருகுகிறது? அமெரிக்காவின் ராலே நகரத்து ஓக் மரங்களில் இதைத் தேடிப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வின்படி, நகரத்தின் மிகச் சூடான இடங்களில் ஒரு வகைச் செதில் பூச்சி, குளிர்ந்த இடங்களைவிட 13 மடங்கு வரை அதிகம். சூடான இடத்து மரங்களிலிருந்தும் குளிர்ந்த இடத்து மரங்களிலிருந்தும் முட்டைகளை எடுத்து, தனித்தனியே சூட்டிலும் குளிர்ச்சியிலும் வளர்த்தும் பார்த்தார்கள். சூட்டில் பெருகியவை சூடான இடத்துப் பூச்சிகளே. நகரத்து வெக்கைக்கு அவை பழகிவிட்டன.

அடுத்த ஆண்டு வந்த ஆய்வுதான் என்னை அதிகம் உலுக்கியது. செதில் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் நுண்ணிய குளவிகள் உண்டு. வெப்பத்தில் பூச்சி சீக்கிரமே வளர்ந்துவிடுகிறது, குளவியோ அந்த அளவுக்கு முந்துவதில்லை. குளவி வருவதற்குள் பூச்சி ஏராளமாக முட்டை வைத்துவிடுகிறது.

மரமும் அப்போது திடமாக இருப்பதில்லை. சுற்றிலும் தாரும் சிமென்ட்டும். மழைநீர் வேருக்கு இறங்க வழியில்லை. இருக்கும் நீரைக் காப்பாற்ற இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது, அப்புறம் உணவு தயாரிப்பதும் குறைகிறது. தாகத்தில் நிற்கும் மரத்தின் சாற்றைத்தான் பூச்சியும் உறிஞ்சுகிறது.

இந்த நிலையில் கண்மூடித்தனமாக விஷத்தைத் தெளித்தால் எஞ்சியிருக்கும் குளவியும் சாகும். வெட்டினால் அந்த இடம் இன்னும் சுடும், பக்கத்து மரத்துக்கும் அதே கதி வரும். அடிமரத்தைக் கழுத்துவரை நெரிக்கும் சிமென்ட்டை வேர் சிதையாமல் உடைத்தெடுங்கள். கோடையில் வேர் நனைய நிதானமாகத் தண்ணீர் விடுங்கள். மருந்து டப்பாவோடு ஆள் வந்தால், மரத்தைச் சுற்றி எத்தனை அடி மண் திறந்திருக்கிறது என்று முதலில் அவரையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.