செனட்டில் வராதவர் ஓட்டும் எண்ணப்படுகிறது

2021 மே 28. நாடாளுமன்றக் கட்டடமான கேபிடல் ஜனவரி 6 அன்று தாக்கப்பட்டதை விசாரிக்கத் தனி ஆணையம் அமைக்கும் மசோதா அமெரிக்க செனட்டுக்கு வந்தது. அதை எடுத்துக்கொள்ளலாம் என்று 54 பேர், வேண்டாம் என்று 35 பேர். மீதி 11 பேர் ஓட்டே போடவில்லை. தோற்றது 54 பேர் பக்கம்.

விவாதத்தை முடிக்க விடாமல் ஒரு மசோதாவைத் தடுப்பதற்குப் பெயர் 'ஃபிலிபஸ்டர்'. அந்த ஒரே வார்த்தையில் செய்திகள் இதைக் கடந்துவிடுகின்றன. அந்த வார்த்தையைக் கேட்டதும் ஒருவர் விடிய விடிய நின்று பேசும் காட்சிதான் நம் மனதில் வரும். 1957-ல் சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினாரே, அது. இன்று ஒரு மசோதாவை முடக்க ஒரு நிமிடம்கூடப் பேச வேண்டாம். அவைக்கு வரவும் வேண்டாம். ஃபிலிபஸ்டர் இருப்பதைவிட, அது இவ்வளவு மலிவாகிப்போனதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

பிரதிநிதிகள் சபையில் இந்தச் சிக்கல் கிடையாது. எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்தத் திருத்தம் வரலாம் என்பதையெல்லாம் அங்கே விதிகள் குழு எழுதிக் கொடுத்துவிடும். செனட்டில் விவாதத்தை முடித்து ஓட்டுக்கு விடச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. 22-ஆம் விதிப்படி 'க்ளோச்சர்' என்ற விவாத முடிப்புத் தீர்மானம் கொண்டுவந்து, 60 ஓட்டில் நிறைவேற்ற வேண்டும். 16 செனட்டர்கள் கையெழுத்திட்டுத் திங்கட்கிழமை மனு கொடுத்தால், நடுவில் ஒரு நாள் விட்டு, புதன்கிழமை அவை கூடி ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஓட்டெடுப்பு. அதில் ஜெயித்தாலும் மேற்கொண்டு 30 மணி நேரம் வரை இழுக்கலாம். இத்தனையும் மசோதாவை 'எடுத்துக்கொள்ளலாமா' என்ற கேள்விக்கு மட்டும்! பிறகு மசோதாவுக்கென்று இதே படிகளை முதலிலிருந்து ஏற வேண்டும். தடுப்பவர்கள் விட்டுக்கொடுக்காவிட்டால், 60 பேர் ஆதரிக்கும் மசோதாவுக்கே ஒரு வாரத்துக்கு மேல் போய்விடும்.

க்ளோச்சருக்கு வேண்டிய அந்த 60, வந்திருப்பவர்களில் ஐந்தில் மூன்று பங்கு அல்ல. பதவியில் இருக்கும் எல்லாச் செனட்டர்களிலும் ஐந்தில் மூன்று பங்கு. 1917-ல் இந்த விதி முதலில் வந்தபோது, அவையில் இருந்து ஓட்டளிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்றுதான் இருந்தது. 1975-ல் பங்கைக் குறைத்தார்கள். அதோடு கணக்கின் அடித்தளத்தையும் மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் தூங்குகிறவரின் ஓட்டும் எதிர் ஓட்டுதான். ஓட்டளித்தவர்களில் ஐந்தில் மூன்று பங்கு என்று விதி இருந்திருந்தால், 2021-ல் 89 பேருக்கு 54 ஓட்டே போதும். மசோதா மேலே நகர்ந்திருக்கும்.

அவைக்கு வருவதற்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பைத் தெரிந்துகொள்ள 1964 ஜூன் 10-ஐப் பாருங்கள். சிவில் உரிமைச் சட்டத்துக்கான க்ளோச்சர் ஓட்டெடுப்பு. நூறு பேரும் வந்தார்கள். கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிளுக்கு மூளையில் கட்டி, பேச்சு போய்விட்டது. சக்கர நாற்காலியில் அழைத்துவந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் கையை மெல்ல உயர்த்தித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் சம்மதத்துக்கும் ஒரே ஒலி, 'ஐ'. 71-க்கு 29 என்று க்ளோச்சர் நிறைவேறியது. அடுத்த மாதமே அவர் இறந்துபோனார்.

"அப்படியானால் தடுப்பவர்களைப் பேச வையுங்கள்" என்று பலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நடைமுறையில் திருப்பி அடிக்கும். தடுக்கும் பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும். கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை என்று அவர் எந்த நேரத்திலும் கிளப்பலாம். அப்போதெல்லாம் 51 பேரைக் காட்ட வேண்டிய பொறுப்பு பெரும்பான்மைக் கட்சியின் தலையில் விழும். ராத்திரியெல்லாம் கட்டில் போட்டுப் படுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ஒரு கேள்வி மீது ஒரு 'சட்டமன்ற நாளில்' ஒருவர் இரண்டு முறைதான் பேசலாம் என்று 19-ஆம் விதி சொல்கிறது. ஆனால் அந்த நாள் நள்ளிரவில் முடியாது, அவையை முறைப்படி ஒத்திவைத்தால்தான் முடியும். அதனால் இந்த வரம்பு தடுப்பவர்களைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும், அவ்வளவுதான். 1970-களின் தொடக்கத்தில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மைக் மேன்ஸ்ஃபீல்ட் கொண்டுவந்த இரட்டைத் தட வழக்கத்துக்குப் பிறகு, ஒரு மசோதா முடங்கினாலும் அவை வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. தடுப்பவருக்கு அலுப்பும் இல்லை, அவப்பெயரும் இல்லை.

60 கிடைக்காதபோது எல்லாவற்றையும் பட்ஜெட் சமரச மசோதாவுக்குள் திணிக்கிறார்கள். அதற்கு விவாதம் 20 மணி நேரம்தான், சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் பட்ஜெட்டோடு நேரடித் தொடர்பில்லாததை பேர்ட் விதி வெட்டிவிடும். 2021-ல் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி அப்படித்தான் வெளியே போனது. ஒரு தொழிலாளியின் கூலி இப்படி ஒரு நடைமுறை ஓட்டையில் மாட்டிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஃபிலிபஸ்டரை முழுதாக ஒழிக்கச் சொல்லவில்லை. சுமையை இடம் மாற்றுங்கள் என்கிறேன். முடிக்க 60 பேர் வேண்டும் என்பதற்குப் பதிலாக, தொடர 41 பேர் அவைக்கு வந்து கைதூக்க வேண்டும் என்று வையுங்கள். விதியை நேராகத் திருத்தப் போனால், அந்த விவாதத்தை முடிக்கவே ஓட்டளிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படும். ஆனால் 2013 நவம்பர் 21-ல், அப்போது பெரும்பான்மையாக இருந்த ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் ஹாரி ரீட் வேறு வழியில் போனார்: ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார், அவைத்தலைமை மறுத்தது, மேல்முறையீட்டில் 52-க்கு 48 என்று அந்தத் தீர்ப்பையே மாற்றினார்கள். உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்கு அன்றோடு 60 தேவையில்லாமல் போனது. அதற்குள் பெரும்பான்மைக்கு வந்துவிட்ட எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சி 2017-ல் அதே வழியில் உச்ச நீதிமன்றத்தையும் சேர்த்துக்கொண்டது. '41 பேர்' என்ற விதியைக் கொண்டுவரவும் இந்த வழி திறந்தேதான் இருக்கிறது.

அந்த விதி 2021 மே மாதம் இருந்திருந்தால், வந்த 35 பேரால் மசோதாவைத் தடுத்திருக்க முடியாது. இன்னும் ஆறு பேர் நேரில் வந்து, தங்கள் பெயரில், விசாரணை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.