யாரும் கேட்காத பூனைக்கு மாதப் பணம்

பூனைக் காப்பகத்துக்கு வருகிறவர்கள் கேட்பது குட்டியைத்தான். ஆரஞ்சு நிறமென்றால் முதல் நாளே போய்விடும், வெள்ளைக்கு ஒரு வாரம், சாம்பல் வரிக்குட்டிக்குக்கூட ஒரு மாதத்தில் வீடு அமையும். பின்னங்கால் விளங்காத பூனை, எட்டு வயதில் கிட்னி போன பூனை, ரத்தப் பரிசோதனையில் வைரஸ் இருப்பதாக வந்த பூனை, மனிதக் கையைக் கண்டாலே அலமாரிக்குப் பின்னால் ஒளிகிற பூனை, இவற்றை யாரும் கேட்பதில்லை. காப்பகம் நிரம்புவது இந்தப் போகாத பூனைகளால்தான். இடமில்லை என்று போனில் சொல்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள், உள்ளே எத்தனை பூனைகள் ஐந்து வருடமாக இருக்கின்றன என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இந்தப் பூனைகளுக்காக ஏற்பட்டதுதான் ஸ்பான்சர் முறை. பூனை காப்பகத்திலேயே இருக்கும், நீங்கள் மாதாமாதம் ஒரு தொகை கட்டுவீர்கள். பிரிட்டனில் 1927-இல் தொடங்கிய கேட்ஸ் புரொடெக்ஷன் போன்ற அமைப்புகளில் இது சாதாரணமான விஷயம். அமெரிக்காவில் நியூஜெர்சியின் ரிங்கோஸில் இருக்கும் டேபிஸ் பிளேஸ் என்ற காப்பகம், இப்படிப்பட்ட பூனைகளை மையமாக வைத்தே நடக்கிறது. நம் ஊரிலும் சில காப்பகங்கள் இதைச் செய்கின்றன. ஆனால் நமக்குப் பழக்கமானது அன்னதான முறை: பிறந்தநாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு, அப்பா திதிக்கு ஒரு மூட்டை தீவனம், கூடவே ஒரு போட்டோ. அதைத் தவறென்று சொல்லவில்லை. போகாத பூனையின் செலவுக்கு அது பொருந்தாது என்பதுதான் பிரச்சினை.

முதலில் சாப்பாட்டுக் கணக்கைப் பார்ப்போம். நான்கு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி வேண்டும். உலர் தீவனம் என்றால் 60 கிராம், மாதம் 1.8 கிலோ. கடையில் கிலோ 300 ரூபாய்க்கும் தீவனம் உண்டு, 900 ரூபாய்க்கும் உண்டு, நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். கிட்னி நோய்க்கான தனித் தீவனம் சாதாரணத் தீவனத்தைவிடப் பல மடங்கு விலை. அதற்கு மேல் வருடாந்தரத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, பூனை மலஜலம் கழிக்கும் தட்டுக்கான மணல். இவ்வளவுதான் செலவு என்றால் ஸ்பான்சர் பிடிப்பது பெரிய காரியமே இல்லை.

பெரிய செலவு ஆள்கூலி. இதைச் சொன்னால்தான் நன்கொடையாளர்கள் முகம் மாறும். "தீவனத்துக்குக் கொடுக்கிறேன், சம்பளத்துக்கு ஏன்?" என்பார்கள்.

வண்டியில் அடிபட்டு முதுகெலும்பு நசுங்கிய பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சாப்பிடும், விளையாடும், முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டு அறை முழுக்க ஓடும். ஆனால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. ஒருவர் அதைக் கையால் பிதுக்கி எடுக்க வேண்டும். பூனையைச் செய்தித்தாள் விரித்த மேசையில் நிறுத்தி, இடது கையால் மார்பைத் தாங்கி, வலது கையின் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் பின்னங்காலுக்குச் சற்று முன்னே வயிற்றின் இரு பக்கமும் வைத்துத் தேட வேண்டும். தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன் மாதிரி ஒன்று தட்டுப்படும், அதுதான் சிறுநீர்ப்பை. எலுமிச்சை அளவென்றால் சரி, சாத்துக்குடி அளவென்றால் நேரம் தாண்டிவிட்டது. அதை வால் பக்கமாக, விடாமல், மெதுவாக அழுத்தினால் ஒரே சீராக வரும். திடீரென்று இறுக்கினால் பை கிழிந்துவிடக்கூடும். பாதியில் விட்டால் மிச்சச் சிறுநீரில் கிருமி வளரும். நான்கு நாளில் நாற்றம் மாறும், கலங்கும், பிறகு ரத்தம் வரும்.

இதை ஒரு நாளைக்கு மூன்று முறை செய்ய வேண்டும். பிதுக்கி, வெந்நீரில் துடைத்து, ஈரம் போக ஒற்றி, தொடையில் சிவந்திருக்கிறதா என்று பார்த்து முடிக்கப் பத்து நிமிடம். நான்கு பூனை இருந்தால் தினம் இரண்டு மணி நேரம், ஞாயிறு, தீபாவளி, புயல் எதுவும் கிடையாது. பல பூனைகளுக்கு மலமும் இறுகும். வயிற்றைத் தடவும்போதே கட்டி தெரிகிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும், மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் கொடுக்க வேண்டியிருக்கும். குழந்தை டயப்பரில் வாலுக்கு ஓட்டை போட்டு மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. டயப்பர் தரையைக் காப்பாற்றும், பூனையைக் காப்பாற்றாது. உள்ளே ஈரம் தங்கித் தோல் வெந்துபோகும்.

இந்தக் கைப்பழக்கம் ஒரே நாளில் வராது. ஆள் தேறச் சில வாரங்கள் ஆகும், பூனைக்கும் அந்தக் கை பழக வேண்டும். சம்பளம் இழுத்தடித்தால் தேறியவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், புதியவர் வருவார், சிறுநீர்ப்பை பாதி காலியாகும், தொற்று வரும், கல்ச்சர் டெஸ்ட், ஆன்டிபயாடிக், மறுபடி டெஸ்ட். மிச்சம் பிடித்த சம்பளம் மருந்துக்கடைக்குப் போய்ச் சேரும். அதனால்தான் நிதானமாக மாதாமாதம் வரும் 500 ரூபாய், வருடத்தில் ஒருநாள் வரும் 6,000 ரூபாயைவிட மேல் என்கிறேன். இரண்டும் ஒரே தொகைதான். முதலாவதை நம்பி ஒருவருக்கு வேலை கொடுக்கலாம். இரண்டாவதை வைத்துத் தீவனம்தான் வாங்க முடியும்.

கிட்னிப் பூனைக்கும் இதே கதை. தோலுக்கடியில் ஆர்எல் (ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவம்) ஏற்ற வேண்டும், பெரும்பாலும் ஒரு தடவைக்கு 100 மில்லி போல. தினமுமா, வாரம் மூன்று முறையா என்பதை டாக்டர் சொல்வார். திரவம் மலிவு. ஒவ்வொரு முறையும் புது ஊசி, பூனையைப் பிடித்து உட்கார வைக்க ஓர் ஆள், பதினைந்து நிமிடம்.

அடுத்து வைரஸ் பூனைகள். இங்கேதான் குழப்பம் அதிகம். எஃப்ஐவி (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்), எஃப்இஎல்வி (பூனை லுகேமியா வைரஸ்) இரண்டையும் 'பூனை எய்ட்ஸ்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். எஃப்ஐவி முக்கியமாக ஆழமான கடிகாயத்தில் பரவும். கருத்தடை செய்த, சண்டை போடாத பூனைகளோடு எஃப்ஐவி உள்ள பூனை பல வருடம் நன்றாகவே வாழும். எஃப்இஎல்வி எச்சில் வழியே, ஒன்றையொன்று நக்குவதில், ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவதில், தாயிடமிருந்து குட்டிக்குப் பரவும். ஆயுளும் பெரும்பாலும் குறைவு. அதற்குத் தனி அறை, தனிக் கிண்ணம், தனித் துடைப்பம் வேண்டும், பணியாளர் அந்த அறைக்குக் கடைசியாகப் போக வேண்டும். தனி அறை என்பதைத் தனிக் கூண்டு என்று புரிந்துகொண்டு ஒரு பூனையை வருடக்கணக்கில் கம்பிக்குள் வைப்பது கொடுமை. அதே வைரஸ் உள்ள பூனைகளைச் சேர்த்து வைக்கலாம், டேபிஸ் பிளேஸில் அவற்றுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. இரண்டு வைரஸும் மனிதருக்கோ நாய்க்கோ வராது.

ஸ்பான்சர் செய்யுமுன் ஒன்று கேளுங்கள்: எத்தனை முறை டெஸ்ட் எடுத்தீர்கள்? ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குத் தாயின் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பதால் எஃப்ஐவி இருப்பதாகத் தவறாகக் காட்டலாம், ஆறு மாதம் கழிந்து மறுபடி பார்க்க வேண்டும். எஃப்இஎல்வி-யையும் ஒரே டெஸ்டோடு முடிவு கட்டக்கூடாது. மறு டெஸ்டுக்குக் காசில்லாமல் 'தத்துப்போகாது' பட்டியலில் மாட்டிக்கொள்ளும் குட்டிகள் உண்டு. அதற்கு வேண்டியது மாத ஸ்பான்சர் இல்லை, ஒரு டெஸ்ட் கிட்.

ஒருமுறைப் பணம் சரியாகப் போய்ச் சேருகிற இடங்களும் இருக்கின்றன. வாய் முழுக்கப் புண்ணாகி, சாப்பிடும்போது கத்துகிற பூனைக்குப் பற்களைப் பிடுங்குவது ஒரே அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு பெரும்பாலான பூனைகள் நன்றாகத் தேறி, பல்லில்லாமலே ருசித்துச் சாப்பிடும், வீடும் கிடைக்கும். எஃப்ஐபி என்ற பூனைக் கொரோனா வைரஸ் நோய் இன்னொன்று. ஒரு காலத்தில் வந்தால் மரணம்தான் என்றிருந்த நோய். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பீடர்சன் குழு 2019-இல் ஜிஎஸ்-441524 மருந்தைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், 31 பூனைகளில் 26 பூனைகள் பன்னிரண்டு வாரச் சிகிச்சையை முடித்தன. வழக்கமான கோர்ஸ் 84 நாள். நிதி திரட்டுகிறவர்கள் சறுக்குவது ஒரு சின்ன விஷயத்தில்: மருந்து அளவு எடைக்கு ஏற்ப. குட்டி தேறத் தேற எடை ஏறும், மருந்தும் ஏறும். முதல் நாள் எடையை வைத்து 84 நாளுக்குக் கணக்குப் போட்டால் கடைசி மூன்று வாரம் துண்டு விழும்.

கூச்சப் பூனைகளுக்கு ஸ்பான்சர் கிடைப்பதுதான் ரொம்பக் கஷ்டம். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதக் கை படாமல் வளர்ந்த பூனை, பெரிதான பிறகு மடியில் வந்து உட்காரும் என்று எதிர்பார்ப்பது வீண். அதற்கு வேண்டியது உயரமான பலகை, ஒளிய அட்டைப்பெட்டி, தினமும் அதே நேரத்துக்கு அதே ஆள். வாரம் ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று கேட்கிற ஸ்பான்சர் அந்தப் பூனைக்குத் தொந்தரவு. போட்டோவுக்காக இழுத்து வெளியே எடுத்தால் இரண்டு நாள் சாப்பிடாது. பூனை தொடர்ந்து இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும் ஆபத்து இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை எவ்வளவு என்று கேளுங்கள், போதும்.

பொருளாகக் கொடுப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஃபினாயில் கேன் வாங்கிக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள பீனால் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. தரையில் நடந்த பாதத்தை நக்குவதே போதும், விஷமாகிவிடும். பார்வோ வகை வைரஸைக் கொல்வதற்குச் சாதாரண கிருமிநாசினியை நம்ப முடியாது. அழுக்கை முதலில் கழுவிவிட்டு, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தை லிட்டருக்கு 30 மில்லி கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுவதுதான் வழி. அதைக் கேன் கேனாக வாங்கிக் கொடுங்கள். நாய்த் தீவனம், மிச்சத் தயிர்சாதம், பால் வேண்டாம். சோறும் மத்தியும் மட்டும் வருடக்கணக்கில் போடுவதும் சரியில்லை. டாரின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும் (இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-லேயே தெரிந்துவிட்டது). புதுத் தீவனம் கொண்டுவந்தால் பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அறை முழுக்க வயிற்றுப்போக்கு.

பணம் அனுப்பும் வழி. யுபிஐ ஆட்டோபே போட்டுவிட்டால் மறக்காது, நினைத்தபோது நிறுத்தலாம். நன்கொடைக்கான வரிச்சலுகை (80ஜி என்று சொல்லிப் பழகியது) பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. சிங்கப்பூர், லண்டன் சொந்தங்கள் கவனிக்க வேண்டியது: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவில்லாத காப்பகம் அதைத் தொடக்கூடாது. "ஜிபே-யில தம்பி பேர்ல போடு" என்று சுற்றிவிடுவது காப்பகத்தின் பதிவுக்கே உலை வைக்கும்.

காப்பகங்கள் மீதும் குறை உண்டு. ஒரே பூனைக்கு முப்பது பேரிடம் வாங்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் "உங்கள் பணத்தில்தான் இவன் சாப்பிடுகிறான்" என்பது பொய். இவன் பெயரில் வருவது இவனைப் போன்ற எல்லோருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளப்போவதில்லை. பூனை இறந்தால் அந்த வாரமே சொல்ல வேண்டும். பணம் நின்றுவிடுமோ என்று இரண்டு மாதம் பழைய போட்டோவை ஓட்டுகிற வழக்கத்துக்குச் சமாதானமே கிடையாது. அதேபோல, ஸ்பான்சர் நிறைய வருகிறது என்று ஒரு பூனையைத் தத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக்கூடாது. மூன்று கால் பூனைக்கும் கண் தெரியாத பூனைக்கும் வீடு அமைவதுண்டு. மேசை நாற்காலியை இடம் மாற்றாத வீடாக இருந்தால் கண் தெரியாத பூனை ஒரு வாரத்தில் வழி பழகிவிடும்.

கணக்கு, பதிவு எண் எல்லாம் கேட்டு முடித்த பிறகு போனில் இன்னொன்றும் கேளுங்கள்: கால் விளங்காத பூனைகளுக்கு ராத்திரி பத்து மணிச் சுற்றுக்கு யார் வருகிறார், அவர் லீவு போட்டால் யார்? இரண்டு பெயரும் தயங்காமல் வந்தால் ஆட்டோபேயைப் போட்டுவிடலாம். ஒரு பெயர்தான் வருகிறதென்றால் இரண்டாவது ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.