ஐந்து மாதப் பிள்ளைக்குச் சோத்தாங்கை கிடையாது

போன வாரம் சொந்தத்தில் ஒரு சாந்திக் கலியாணம். பந்தி முடிந்து வளவில் உட்கார்ந்திருந்தோம். என் மகளுக்கு இப்போது இரண்டே கால் வயது. ஓர் ஆயா அவளைக் கூப்பிட்டு மாவுருண்டை நீட்டினார். இவள் இடது கையை நீட்டினாள். "சோத்தாங்கையால வாங்குத்தா" என்று ஆயா உருண்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிள்ளை வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். தோள் எழும்பியது, முழங்கை மடங்கியது, விரல் மட்டும் விரியவில்லை.

நாலைந்து பேர் உற்றுப் பார்த்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் என் மாமியார் வந்து, "பிள்ளைக்குத் தூக்கம் வந்துருச்சு" என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கு அவர் எழுந்து வருவதற்குள் நான் சொல்லிவிட்டேன். "இவளுக்குப் பொறக்கும்போதே பக்கவாதம் வந்துருச்சு ஆயா. வலது கையை இப்பத்தான் பழக்குறோம்."

திரும்பி வரும்போது காரில் மாமியாரோடு ஒரே சண்டை. "ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமாத்தா? நாளைக்கு இவளைப் பொண்ணு கேட்டு வர வேணாமா?" காலில் கொலுசு மாட்டினால் கழற்றி வாயில் வைக்கிற பிள்ளைக்கு மாப்பிள்ளை வீட்டைப் பற்றிய கவலை! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. காரில் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

"கைப்பிள்ளைக்குப் போய் வாதம் வருமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். வரும். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் உறைந்த ரத்தக் கட்டி ஒன்று அடைத்தால் அந்தப் பகுதி ரத்தமில்லாமல் செத்துப்போகிறது. தாத்தாவுக்கு வந்தாலும் பேத்திக்கு வந்தாலும் நடப்பது அதுதான். வயிற்றில் 20 வாரம் ஆனதிலிருந்து பிறந்து 28 நாள் வரைக்கும் வருவதைப் பிறப்பை ஒட்டிய பக்கவாதம் என்கிறார்கள். சுமார் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. காரணம் பல நேரம் கடைசி வரைக்கும் தெரிவதில்லை. நஞ்சுக்கொடியில் உண்டான சின்னக் கட்டி பிள்ளையின் ரத்தத்தில் கலந்து போயிருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள், அவ்வளவுதான். கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதாலோ, எட்டாம் மாதத்தில் மாடிப்படி ஏறியதாலோ வரவில்லை. இந்த இரண்டையும் என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

பிறந்த இரண்டாம் நாள் இவளுடைய வலது கை விட்டு விட்டுத் துடித்தது. சொன்னேன். "குளிருது, நல்லாச் சுத்தி வைங்க" என்றார்கள். சுற்றி வைத்தேன். எனக்கு அப்போது தெரியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். பச்சைப் பிள்ளைக்குச் சாதாரண நடுக்கம் இருந்தால், அந்தக் கையை நாம் மெல்லப் பிடித்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். பிடித்த பிறகும் ஒரே தாளத்தில் துடித்தால் அது வலிப்பாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் துடிப்பது, காரணமில்லாமல் உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டே இருப்பது, கண் ஒரே இடத்தில் நிலைகுத்துவது, மூச்சு கொஞ்சம் நின்று வருவது இவையும் அப்படித்தான். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். நாம் வாயால் சொல்வதை நம்பாதவர்கள்கூட வீடியோவை மறுக்க முடியாது.

துடிப்பு தானாக நின்றது. வீட்டுக்கு வந்துவிட்டோம். நன்றாகப் பால் குடித்தாள், சிரித்தாள், நாங்களும் மறந்துவிட்டோம்.

நாலரை மாதத்தில் முதலில் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட வருகிற அக்கா. காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ப்பவர். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் காலில்தான் குளித்திருக்கும். "ஆச்சி, இந்தக் கை மட்டும் மூடியே இருக்கு. விரிச்சா இறுக்குது. பொம்மைக்கும் இந்தக் கை வர மாட்டேங்குது பாருங்க" என்றார். என் மாமியார் உள்ளே இருந்து, "அவ அப்பச்சி மாதிரி நொட்டாங்கை" என்றார். என் வீட்டுக்காரர் உண்மையிலேயே இடது கைக்காரர். எல்லாருக்கும் சந்தோஷம். அப்பன் சாயல் என்று நானே நாலு பேருக்குப் போன் போட்டுச் சொன்னேன்! அந்தப் போன்களை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஒரு வயதுக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கைப் பழக்கம் வராது. இரண்டு கையாலும்தான் பிடுங்க வேண்டும், இரண்டு கையாலும்தான் அடிக்க வேண்டும். ஐந்து மாதத்தில் ஒரே கையை நீட்டுகிறது என்றால், மற்ற கைக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்க வேண்டும். அப்பன் இடது கைக்காரராக இருந்தாலும் சரி, தாத்தா இடது கைக்காரராக இருந்தாலும் சரி.

ஆறாம் மாதத்தில் காட்டியபோது ஒரு டாக்டர், "சில பிள்ளைங்க அப்படித்தான், போகப் போகச் சரியாகும்" என்று அனுப்பிவிட்டார். ஏழரை மாதத்தில் வேறொருவர் பார்த்த உடனே எம்.ஆர்.ஐ. எழுதினார். மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். மூளையின் இடது பக்கம், பழைய காயம். வலது கையை ஆட்டுவிப்பது அந்தப் பக்கம்தானாம். இரண்டாம் நாள் துடித்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அக்கா சொன்னதற்கும் பயிற்சி தொடங்கியதற்கும் நடுவில் மூன்று மாதம் போய்விட்டது. சின்ன வயதில்தான் மூளை வேகமாகப் புது வழி கண்டுபிடிக்கும் என்கிறார்கள். அந்தச் சமயத்தில் நாங்கள் சாயல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பயிற்சி என்றதும் பெரிய கருவிகள் இருக்கும் என்று நினைத்துப் போனேன். அவர்கள் கேட்டது ஒரு சாக்ஸ். தினமும் கொஞ்ச நேரம் நல்ல கைக்கு அதை மாட்டிவிட்டு, மூடிய கையாலேயே விளையாட வைக்க வேண்டும். முதல் வாரம் அழுது தீர்த்தாள். அப்பத்தாவுக்குப் பொறுக்கவில்லை, நான் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்துக் கழற்றிவிடுவார். மற்ற நேரத்தில் இரண்டு கைக்கும் வேலை. ஓலைக் கொட்டானை ஒரு கை பிடிக்க வேண்டும், மறு கை உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். பணியாரச் சட்டியில் ஒவ்வொரு குழியாக எலுமிச்சம்பழம் வைத்து எடுப்பாள். (புளியங்கொட்டை, கோலிக்குண்டு வேண்டாம், தொண்டையில் மாட்டும்.) தவழும் வயதில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் தரையில் வலது பக்கமாகத் தள்ளி ஒவ்வொரு பூவிலும் ஒரு சாமான் வைப்பேன். எடுக்க வேண்டும் என்றால் அந்தக் கையை ஊன்றித்தான் போக வேண்டும். நல்லவேளை, வீடு பெரிது. இந்த வீட்டைப் பெருக்கும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன், அப்போதுதான் முதல் தடவையாகக் கும்பிட்டேன்.

எண்ணெய் போட்டு உருவினால் சரியாகும் என்று நாலு ஊரிலிருந்து ஆள் சொன்னார்கள். எண்ணெய் தேய்ப்பதில் தப்பில்லை, பிள்ளைக்குச் சுகம். ஆனால் நாம் பிடித்து உருவுவதால் மூளை கற்றுக்கொள்ளாது. ஆசைப்பட்டுப் பிள்ளையே கையை நீட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும்.

பதினேழு மாதத்தில் நடந்தாள், வலது குதிகால் தரையில் படாமல். காலுக்குப் பிளாஸ்டிக் பட்டை போட்டிருக்கிறோம், வளர வளர மாற்ற வேண்டும். பேச்சு வராதோ என்று பயந்தோம். இடது பக்க மூளைதான் பேச்சுக்கு என்பார்களே. இவ்வளவு சின்ன வயதில் அடிபட்டால் வலது பக்கம் அந்த வேலையை எடுத்துக்கொள்ளுமாம். எடுத்துக்கொண்டது, நன்றாகவே. அப்பத்தாவையே அதட்டுகிறாள். கை முழுசாகத் திரும்புமா என்று கேட்காதீர்கள். விரல்கள் அப்படியே இன்னொரு கை மாதிரி வராது, அது எங்களுக்குத் தெரியும். வலிப்பு மறுபடி வரலாம் என்பதால் அதற்கும் ஒரு கண் வைத்திருக்கிறோம்.

செலவுக்குப் பயந்து நிற்பவர்களுக்கு ஒரு விஷயம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று வைத்திருக்கிறார்கள், பயிற்சிக்குக் காசு கிடையாது. மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். 2016 சட்டத்தில் உள்ள 21 வகை மாற்றுத்திறன்களில், இப்படிச் சின்ன வயதில் மூளை அடிபட்டுக் கை கால் முடங்குகிற மூளை முடக்குவாதமும் உண்டு, அதற்கான அட்டையும் வாங்கலாம். எங்கள் வீட்டில் அந்த அட்டை வாங்கவே எட்டு மாதம் வாக்குவாதம். காரணம் அதே மாப்பிள்ளை வீடுதான்.

மறைத்தால் என்ன ஆகும் என்று மாமியாரிடம் கேட்டேன். இதே ஊரில் நமக்கு முன்னால் யாராவது ஒருத்தி தன் பிள்ளைக்கு நடந்ததை வாய்விட்டுச் சொல்லியிருந்தால், நாலரை மாதத்தில் நாம் சாயல் பேசியிருப்போமா? அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "அந்தச் சாந்திக் கலியாண வீட்டு ஆயா போன் பண்ணுச்சு. அது பேரனும் ஒத்தக் கையத்தான் நீட்டுதாம், எந்த டாக்டர்னு கேட்டுச்சு" என்றார். நம்பரை அவரே தேடிக் கொடுத்திருக்கிறார்.

குளிப்பாட்டுகிற அக்கா இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பிள்ளையின் இரண்டு கையையும் விரித்துப் பார்க்கிறாராம். போன மாதம் ஒரு வீட்டில் சந்தேகப்பட்டு டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார். காட்டினார்கள், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. வீண் செலவு வைத்தாய் என்று ஏகப்பட்ட திட்டு. என்னிடம் வந்து சொன்னார். "திட்டுனா திட்டட்டும் ஆச்சி. நாளைக்குக் காலைல அதே வீட்டுக்குத்தான் போறேன், வெந்நி போட்டு வைக்கச் சொல்லிட்டேன்."